போனில்லா ஞாயிறு

"ஃபிளாட்டுக்கு மாலிக் நான்தான்" என்று பக்தவத்சலம் மூன்றாவது தடவையாக இந்தியில் சொன்னார். அன்றைக்குத்தான் கேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த கேஷவ் மரியாதையாகவே பதில் சொன்னான்: "தோ ஆப் ஹீ அப்ரூவ் கர் தோ, ஸாப்." ஓனர் என்றால் கேட் ஆப்பில் நீங்களே உங்களை அப்ரூவ் பண்ணிவிடுங்கள் என்று அர்த்தம்.

அப்ரூவ் செய்யவேண்டிய போன் ஒன்பதாவது மாடியில், மனைவி அகல்யா, மகள் வைஷு இருவரின் போன்களோடு, பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதன் மேன்மையைப் பற்றி மற்ற ஆறு நாளும் கராடி வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார். இப்போது அந்தக் குழுவில் ஒருவராவது வரமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வந்தார்கள். போனைக் குனிந்து பார்த்தபடியே உள்ளே போய்விட்டார்கள். கூப்பிட வாயெடுத்தார், மானம் தடுத்தது.

ஐந்து மணிக்கு வைஷுவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஒன்றரை வருஷத்தில் ஜாதகமும் பொருந்தி, அவளும் சரியென்று தலையாட்டிய ஒரே இடம். பூ வாங்கத்தான் அவர் கீழே இறங்கியது. வருகிறவர்களுக்கும் இதே கேட், இதே அப்ரூவல் என்பது இப்போதுதான் உறைத்தது.

டாக்ஸியிலிருந்து ஒரு தம்பதி இறங்கினார்கள். கேஷவ் ஃபிளாட் நம்பர் கேட்டான். கேட் ஆப்பில் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஸ்விட்ச்டு ஆஃப்ங்கறது, விசாலம்" என்றார் அந்த மனிதர், தன் போனைக் காதிலிருந்து எடுத்து.

"பொண்ணுக்கு இஷ்டமில்லையோ என்னமோ. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கிளம்புங்கோ, பிள்ளை ஜெயந்த் கிட்ட நான் பேசிக்கறேன்."

இதுவரை போனில் மட்டுமே கேட்ட குரல். பக்தவத்சலம் பாய்ந்து வந்தார். "வாங்கோ, வாங்கோ! நான்தான் பக்தவத்சலம்!"

"யே பீ அந்தர் நஹீ ஜா சக்தே" என்று, இவரும் உள்ளே போகமுடியாது என்பதைச் சொல்லி, கேஷவ் உதவிக்கு வந்தான்.

"சொந்த ஆத்துக்குள்ளயா?" என்றார் அந்த மனிதர்.

"எங்காத்துல ஞாயித்துக்கிழமை போன் கிடையாது. அது ஒரு... கொள்கை."

"கொள்கைக்காரர் கேட்டுக்கு வெளியிலன்னா நிக்கறார்" என்றாள் விசாலாக்ஷி.

பிறகு, ஆள் இவர்தானா என்று பார்க்க, தன் போனில் பக்தவத்சலத்தின் வாட்ஸ்அப் டிபியைத் திறந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய மஹாபலேஷ்வர்: கறுகறுவென்று தலைமுடி, கூலிங் கிளாஸ், கைகட்டி நிற்கும் தோரணை. போனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

பக்தவத்சலம் மெள்ளக் கைகளைக் கட்டி, மோவாயைச் சற்றே தூக்கினார்.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.