இருபதில் வைத்தேன்

கேட்காமலே ஓடிப்போய் நல்லது செய்கிற வியாதி எனக்கு உண்டு. ஏசி மெக்கானிக் வேலையில் பதினெட்டு வருஷமாக அதற்குத் திட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மனுஷனைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது இந்த ஒரு தடவைதான்.

அந்த ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனிக்குப் புதிது. காலை பத்து மணிக்குத் தீக்காயப் பிரிவில் ஃபில்டர் மாற்றப் போனேன். வாசல் பெஞ்சில் இருந்த பெண் என் டூல்ஸ் பையைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். புருவம் இரண்டும் பொசுங்கிப்போயிருந்தன.

"அண்ணா, ஏசி பாக்க வந்தீங்களா? என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு. மர பாலிஷ் போடுறவர். வீட்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தப்ப தின்னர் பத்திக்கிச்சு. மூணு நாளா அடுப்படி மாதிரி ரூம்ல போட்டு வச்சிருக்காங்க. வெந்த உடம்புண்ணா. கொஞ்சம் குளுகுளுன்னு வச்சுட்டுப் போங்களேன்."

கவுன், தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், அவள் சொன்னது உண்மைதான். அவர் அறை வாசலிலேயே வியர்த்துக் கொட்டியது. வெளிச்சுவரில் இருந்த ஏசி பேனலில் முப்பத்திரண்டு டிகிரி என்று காட்டியது. எவனோ தெரியாமல் அமுக்கித் தொலைத்திருக்கிறான், இத்தனை படித்தவர்கள் இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலிஷ்காரர் கழுத்திலிருந்து கால்வரை கட்டுப்போட்டுக் கிடந்தார்.

பக்கத்து அறையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள். "ஃபில்டர மட்டும் மாத்திட்டுக் கிளம்புங்கண்ணா."

மாற்றினேன். கிளம்பும்போது பேனலை இருபதில் வைத்து, காற்றையும் முழு வேகத்துக்குத் தள்ளினேன். வெளியே வந்து அந்தப் பெண்ணிடம், "ஜம்முனு வச்சுட்டேன்மா" என்றேன். அவள் கண் கலங்கிப்போனாள். மீதி வேலைக்கு மொட்டைமாடி ஏறும்போது என்னமோ பெரிய தர்மப்பிரபு மாதிரி எனக்கு நினைப்பு.

முக்கால் மணி நேரம் கழித்து தீக்காயப் பிரிவிலிருந்து போன் வந்தது. "உடனே கீழ வாங்க."

பாலிஷ்காரரின் கட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டியது அவர் உடம்பு. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கண்ணாடிக்கு வெளியிலேயே கேட்டது. "குளிருது... குளிருது..." நெருப்பில் வெந்த மனுஷன் குளிருது என்று சொல்வதை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ஒரு நர்ஸ் சலைன் பாட்டிலைச் சூடாக்கி மாட்டினாள். இன்னொருத்தி சூடான காற்று ஊதும் போர்வையை இழுத்து மூடினாள்.

"பேனல்ல கை வச்சது நீங்களா?" என்றாள் காலையில் தலை நீட்டிய நர்ஸ்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பேனலை அதற்குள் யாரோ முன்பைவிட ஒன்று கூட்டி முப்பத்து மூன்றுக்கு மாற்றியிருந்தார்கள்.

டாக்டரம்மா வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க ஏசிக்காரர்தானே? கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து கிடக்குற ரூம்ல ஹீட்டர் போட்டா சூடு நிக்குமா?"

"நிக்காதுங்க."

"உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்கிறது தோல்தான். இவருக்குப் பாதித் தோல் போச்சு. அதனாலதான் ரூமையே சூடா வச்சிருந்தோம். இன்னைக்கு மத்தியானம் கருகின தோலை எடுத்துட்டு, தொடையில இருந்து தோல் எடுத்து வைக்கிறதா இருந்தோம். உடம்பு இவ்வளவு சில்லுன்னு ஆனப்புறம் கத்தி வச்சா ரத்தம் நிக்காது. ஆபரேஷன் கேன்சல்."

"நாளைக்குப் பண்ணிரலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சூடு ஏறினா பண்ணலாம். கருகின தோல் மேல இருக்க இருக்கக் கிருமி உள்ள இறங்கும். ஒரு நாள்ங்கிறது இவருக்கு ரொம்பப் பெரிசு."

பன்னிரண்டு மணிக்கு நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. பின்பக்கப் படிக்கட்டு வழியாக நழுவியிருக்கலாம்; யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் இன்னும் என்னை வாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பே நெஞ்சை அறுத்தது. வாசலுக்கே போனேன்.

"நல்லா தூங்குறாராண்ணா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும், நான் பேனலில் கை வைத்ததையும், ஆபரேஷன் நின்றுபோனதையும், ஒன்றையும் மறைக்கவில்லை. சட்டையைப் பிடிப்பாள், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பாள், வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் நின்றேன். அவள் என்னைத் திட்டவே இல்லை. தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பக்கத்துக் கடை ஐஸ் பெட்டியை அப்படியே தூக்கிட்டு வந்து அவர் மேல கொட்டினேண்ணா. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆச்சு. குளிருது, போதும் விடுன்னு கெஞ்சினாரு. நான்தான் விடாம, ஐஸ் நழுவாம ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அதுவும் தப்பாண்ணா?"

"சேச்சே, அது வேறம்மா" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.