மாத்திரை அக்கா

"அக்கா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வரட்டா?"

"நடந்தா சரியாயிடுமா? இந்தா, ஒண்ணு போட்டுட்டு உக்காரு."

தையல் ஆலையின் மூன்றாம் வரிசைக்கு மேற்பார்வையாளர் அவள். மேசையில் எப்போதும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அது நிறைய வலி மாத்திரை. கேட்டவருக்கெல்லாம் நீட்டுவாள். மெஷின் நிற்காது. ஆலையே அவளை மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. தாராளமான கை, பாவம். கொடுப்பது என்னவென்றுதான் தெரியாது.

டப்பாவின் முதல் வாடிக்கையாளர் அவளுடைய நாத்தனார். வேலை வாங்கிக் கொடுத்ததும் இந்த அண்ணிதான். முழங்கால் வலிக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பாத்ரூமுக்கு எழுந்தால் முறைப்பார்களே என்று நாத்தனார் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையாதபோது, "நல்லா சதை போட்டுட்டடீ" என்று அண்ணி கிண்டல் செய்தாள். நாத்தனார் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்த அன்றுதான் கிண்டல் நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் முகம் இறுகியிருந்தது. "பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருக்கு. யூரின் இறங்கவே மாட்டேங்குது. இப்படியே போனா டயாலிசிஸ்தான். ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

நாத்தனார் ஒரு கணம் அண்ணியைப் பார்த்தாள். "இல்ல டாக்டர்."

தன்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் நாத்தனார் பொய் சொல்கிறாள் என்று மாத்திரை அக்காவுக்குப் புரிந்தது. உண்மை வெளியே வந்தால் வேலை போகும். கணவன் முகத்தில் எப்படி விழிப்பது? தோளில் தொங்கிய பையை இறுக அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"அண்ணி, தலை பிளக்குது. பையில டப்பா இருக்குல்ல? யாருக்கும் தெரியாம ஒண்ணு குடுங்க."

பழக்கதோஷம். கை தானாகப் பைக்குள் போய் மூடியைத் திறந்துவிட்டது. அப்போதுதான் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை கண்ணில் பட்டது. அடியில் ஒரு கரண்டி அளவுகூட இல்லை. எடுத்த மாத்திரையை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

"குடுங்க அண்ணி."

"டாக்டர்," என்று கூப்பிட்டாள். டப்பாவை நீட்டினாள். "இதைத்தான் இவ தினமும் சாப்பிட்டா. ஆறேழு மாசமா. நான்தான் குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நம்ம உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்கும்மா. வலியைக் கூட்டிக் காட்டுறதும் அதுதான். கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்காம பாத்துக்கறதும், மிச்ச உப்பையும் தண்ணியையும் வெளியே அனுப்ப வைக்கிறதும் அதேதான். இந்த மாத்திரை அதைச் சுரக்க விடாம பண்ணித்தான் வலியைக் குறைக்குது. அப்ப உப்பும் தண்ணியும் எங்க போகும்? உடம்புலயே தங்கி வீங்கும், பிரஷரும் ஏறும். தண்ணியும் குடிக்கலைன்னா கிட்னிக்கு ரத்தமே பத்தாம போயிடும்."

"இப்ப இன்னொண்ணு போட்டிருந்தா?"

டாக்டர் டப்பாவை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்த மாத்திரையை நிறுத்தி, சிகிச்சையை மாற்றினார்கள். மறுநாள் முழுக்க அவள் அந்தப் பையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சிறுநீர் இறங்கத் தொடங்கியபோது, இதற்குப் போய் அழுவார்களா என்று வெட்கப்பட்டுக்கொண்டே அழுதாள்.

விஷயம் தெரிந்த கணவன் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரை அக்கா ஆலைக்குத் திரும்பியபோது மேசையில் டப்பா இல்லை. அந்த இடத்தில் தண்ணீர்க் குடமும் டம்ளரும் இருந்தன. மேலாளர் வந்து நின்றார்.

"இனிமே யாராவது வலிக்குதுன்னா என்ன பண்ணுவ? மெஷின் நிக்குமே?"

"நிக்கட்டும் சார். வலிக்குதுன்னா உடம்பு ஓய்வு கேக்குதுன்னு அர்த்தம். மாத்திரையால அதோட வாயை அடைச்சு வேலை வாங்கினேன் பாருங்க, அது பெரிய பாவம். டாக்டர் சொல்லாத மாத்திரையை இனி யாருக்கும் நீட்ட மாட்டேன், நீங்களும் நீட்டச் சொல்லாதீங்க. மெஷின் நின்னா மெக்கானிக் வருவான். கிட்னி நின்னா யாரைக் கூப்பிடுவீங்க?"