பஞ்சு அடைத்த ரேடியேட்டர்

வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே திருப்பூருக்குக் கொண்டுபோங்கள் என்று தாராபுரத்து டாக்டர் சொன்னபோது பகல் மணி பன்னிரண்டு. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு கோவைக்குப் போயிருந்தது. வலியில் துடித்த தங்கை கோமளாவைத் தீனதயாளன் சுமோ காரின் பின்சீட்டில் படுக்கவைத்தான். பனியன் கம்பெனி வண்டி. ஆறு வருடமாக அவன்தான் ஓட்டுகிறான். கோமளாவின் தலையை மாமியார் நல்லம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்துச் சித்திரை. ஏசியை முழுதாக வைத்து விரட்டினான். பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் இன்ஜின் சூடு காட்டும் முள் பாதியைக் கடந்தது. ஏசியை நிறுத்தினான். முள் நிற்கவில்லை. அவிநாசிபாளையம் தாண்டும்போது சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்தான் பாக்கி.

"என்னாச்சுங்க தம்பி? காத்தே வர்லீங்களே."

"இன்ஜின் காயுதுங்க அத்தை." ஒரே வழிதான் தெரிந்தது. ஹீட்டரைப் போட்டால் இன்ஜினைச் சுற்றும் சுடுநீரின் வெப்பத்தில் கொஞ்சம் வண்டிக்குள் இறங்கும், இன்ஜின் தப்பும். உள்ளே இருப்பவர்கள்தான் வெந்துபோவார்கள்.

"கோமு, ஹீட்டரப் போடோணும் கண்ணு. அனல் தாங்காது."

"ஐயோ, இந்த நெலமையிலயா!" நல்லம்மாள் பதறினாள்.

கோமளா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "வண்டி நிக்கக்கூடாதுங்ணா. போடுங்க."

நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஹீட்டரைத் திருகினான். உலை வாய் திறந்தது போல அனல் அடித்தது. நல்லம்மாள் முந்தானையை நனைத்து மருமகளின் நெற்றியில் போட்டபடியே இருந்தாள். முள் அங்கேயே நின்றது. ஆனால் திருப்பூரை ஒட்டிய கோயில்வழிக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. வண்டி ஊர்ந்தது, முகப்பில் மோதும் காற்றும் நின்றுபோனது. முள் சிவப்பைத் தொட்டது.

இடப்பக்கம் ஒரு பஞ்சர் கடை. ஒடித்துத் திருப்பி, இன்ஜினை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினான். கடைக்காரர் சுப்பையன் ஓடிவந்து ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டார்.

"தொடாதீங்க!" தீனதயாளன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். "தொறந்தா கொதிதண்ணி மூஞ்சிலயே பீச்சும்."

ரப்பர் ஓஸ் வெடிக்கவில்லை. தண்ணீரும் ஒழுகவில்லை. குனிந்து முன்கிரில் வழியாகப் பார்த்தான். ஏசியின் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை போலப் பஞ்சு அடைந்திருந்தது. மாதக்கணக்கில், கம்பெனியில் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் கொட்டும் கொட்டகைப் பக்கமே வண்டியை நிறுத்தியிருந்தான். போன வாரமே முள் கொஞ்சம் ஏறியதைப் பார்த்தும், அப்புறம் கவனிக்கலாம் என்று விட்டிருந்தான்.

"அண்ணா, காத்துக் குழாயக் குடுங்க. கம்ப்ரசரப் போடுங்க, சீக்கிரம்!"

இன்ஜின் பக்கம் கையை நுழைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றைப் பீய்ச்சினான். முதலில் புழுதி. பிறகு வெள்ளையும் ஊதாவுமாகப் பஞ்சு திட்டுத்திட்டாகப் பறந்தது. வண்டிக்குள்ளிருந்து கோமளா அலறினாள். அவன் முழங்கை இன்ஜினில் பட்டு வெந்தது. அவன் குழாயை எடுக்கவில்லை. தகடுகளின் ஊடே வெளிச்சம் தெரிந்ததும் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான்.

முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. சுப்பையன் சாலையின் நடுவில் நின்று, துண்டை வீசி, லாரிகளை ஒதுக்கி வழிவிட்டார்.

திருப்பூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள், கோமளா எழுந்து உட்கார்ந்ததும் தீனதயாளன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"தப்பு என்னுதுதான் கண்ணு. போன வாரமே பாத்தேன், விட்டுட்டேன்."

கோமளா அவன் முழங்கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தாள்.

"மருந்து போட்டீங்ளாண்ணா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய் அழுதான்.