சிவப்பு வண்டியும் ஒரு வயரும்

அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்ததும் என் தங்கை லாரிசா வாயே திறக்கவில்லை. மனதைப் பறிகொடுத்துவிட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கதவு, கூரையில் திறக்கிற கண்ணாடி, கையால் கியர் மாற்றுகிற ரகம். பதினேழு வயதுக்கு வேறென்ன வேண்டும்? அவள் சேர்த்து வைத்திருந்த மூவாயிரம் டாலருக்குள் எங்கள் வின்னிபெக் நகரம் முழுக்க அலைந்து நாங்கள் பார்த்த ஒன்பதாவது வண்டி அது. மற்ற எட்டில் பாதி துருப்பிடித்தவை, மீதி வயதானவர்கள் சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிப்போய்வந்த பழுப்பு நிறப் பெட்டிகள்.

அவளைவிட எனக்குத்தான் அவசரம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பேக்கரியில் அவளுக்குச் சனி, ஞாயிறு வேலை. காலை ஐந்து மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பஸ் கிடையாது. வாரமெல்லாம் வேலைக்கு ஓடும் நான், அந்த இரண்டு நாளும் நாலு மணிக்கு முன்னால் எழுந்து அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். இரண்டு முறை தூங்கிவிட்டேன். இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லியாகிவிட்டது. நாளை சனிக்கிழமை.

வண்டியை விற்கும் கிளென் நல்ல பேச்சுக்காரர். சாவியைத் திருகியதும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. நாலு தெரு சுற்றினோம். கியர் மாற்றும்போதெல்லாம் லாரிசா தன்னையறியாமல் சிரித்தாள்.

"அதான் புடிச்சிருக்கில்ல, பணத்தைக் குடுத்துட்டு வாடி. குளிர் உயிர் போகுது" என்றேன்.

அவள் வண்டியின் முகப்பிலிருந்து தொங்கிய வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் வந்தபோது அது வீட்டுச் சுவரில் செருகியிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் இரவெல்லாம் மின்சாரம் கொடுத்து என்ஜினைச் சூடாக வைத்தால்தான் எங்கள் ஊரில் காலையில் வண்டி கிளம்பும்; நல்ல வண்டி என்றால் சில மணி நேரம் வயரில்லாமலும் தாங்கும். அன்று மைனஸ் இருபத்தெட்டு. வயர் செருகாமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"பேக்கரியில பிளக் கிடையாதுக்கா. வேலை முடியிற வரைக்கும் குளிர்லதான் நிக்கும்" என்றாள். பிறகு கிளெனிடம் திரும்பினாள். "வயரைப் புடுங்கி வைங்க. நாலு மணி நேரம் கழிச்சு நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன். கிளம்பிச்சுன்னா அப்பவே பணம்."

"மூணு மணிக்கு வேற ஆளு வர்றாங்க, தங்கச்சி."

"இப்ப பதினொண்ணு. மூணுக்கு நான் முதல்ல பாத்துடுறேன்."

"உன் இஷ்டம். விறைச்சுப் போயிடாத" என்று சிரித்தபடி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த என் வண்டியில் உட்கார்ந்து காவல் காத்தோம். பெட்ரோல் வீணாகிறதே என்று நான் என்ஜினை அடிக்கடி அணைத்துவிடுவேன். கண்ணாடியெல்லாம் பனி பூத்துவிட்டது. லாரிசா நகத்தால் சுரண்டி ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகச் சிவப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜூலையில மேல கண்ணாடியத் திறந்துவிட்டு ஏரிக்குப் போவோம்க்கா. நீ பின்னாடி உக்காந்துக்க."

"உன் கால்ல விழுந்து கேட்டுக்கறேன், என்னைத் தூங்க விடு."

ஒன்றரை மணிக்கு முனையிலிருந்த பெட்ரோல் பங்கில் காப்பி வாங்க அவள் இறங்கிப் போனாள். ஓட்டையின் காவல் எனக்கு வந்தது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கிளென் பனி வாருகிற மண்வெட்டியோடு வெளியே வந்தான். இரண்டு தள்ளு தள்ளினான். தெருவின் இரு பக்கமும் பார்த்தான். பனி மூடிய வண்டிக்குள் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவில்லை போலும். குனிந்தான், நிமிர்ந்தான், உள்ளே போய்விட்டான். வயரின் நுனியில் சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மின்சாரம் ஓடுகிறது என்று காட்டுகிற விளக்கு.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று மணிக்கு வண்டி கிளம்பிவிடும். அவள் பணம் கொடுப்பாள். நாளை பத்து மணி வரை நான் தூங்கலாம். மத்தியானம் பேக்கரி வாசலில் வண்டி கிளம்பாமல் நின்றால்? நின்றால் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் பகல் வேளைதானே? ஒருவேளை நன்றாகவே கிளம்பினாலும் கிளம்பும், யார் கண்டது? என் மனசாட்சி எனக்காக வக்கீல் வேலை பார்த்தது.

கதவு திறந்தது. குளிரும் லாரிசாவும் சேர்ந்து உள்ளே வந்தார்கள்.

"ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டு என் கையில் காப்பியைக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தேன். "பால் கம்மி" என்றேன். இன்னொரு வாய் குடித்தேன். அவள் தன் காப்பியைத் தொடவே இல்லை. நாக்கு சுட்டது. மூன்றாவது வாயும் குடித்தேன்.

"அவன் திரும்ப வயரைச் செருகிட்டான்டி."

அவள் திடுக்கிடவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

"தெரியும். அந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தேன். லைட்டு எரியுது."

"தெரிஞ்சும் ஏண்டி பேசாம இருந்த?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்." காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிவப்பு வண்டியைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். "மூணு வாய் குடிச்சிட்டுச் சொன்ன."

என் வண்டியைக் கிளப்பினேன். இரண்டு சிக்னல் தாண்டியதும் சொன்னேன்.

"நாளைக்கு நான் தூங்க மாட்டேன்டி. மூணே முக்காலுக்கெல்லாம் ரெடியா இருப்பேன்."

"பாப்போம்" என்றாள் லாரிசா.