பெரிய வெள்ளிக்கிழமை ஊசி

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்றால் சாந்தோமில் யார் நம்பினார்கள்? ஃப்ளோரன்ஸ் டீச்சரே முதலில் நம்பவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள் அவள். கடவுள் ஒருவரைத் தவிர வேறு எதையும் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

பூனையின் பெயர் ஜட்ஜு. உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் நீதிபதிகள் கட்டுகிற பட்டை மாதிரி வெள்ளை. பெயர் வைத்தது டீச்சருடைய தம்பி லியோனார்ட். சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தா, மனைவியை இழந்தவன், அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பவன். கோர்ட்டு வராந்தாவில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தவனும் அவன்தான். அதெல்லாம் யுத்தத்துக்கு ரொம்ப முந்தி. இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது, ஜட்ஜும் கிழவனாகிவிட்டது.

அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு ஜட்ஜு குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தின்னத் தின்ன இளைத்தது. முற்றத்தில் அது ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்ததும் டீச்சருக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையிலிருந்து நீல மருந்து ஒரு புட்டி கொண்டுவந்தாள். அதில் சில சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றிப்போனால் செங்கல் நிறமாகும். ஜட்ஜுடையது எடுத்த எடுப்பிலேயே செங்கல்.

கூடையில் வைத்து ஜட்கா வண்டி பிடித்து வேப்பேரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த சின்ன வயசு மிருக டாக்டர் தலையைச் சொறிந்தார். "நாய்க்குக் குடுத்திருக்கோம்மா, பூனைக்குக் குடுத்ததில்லை. பார்க்கலாம்" என்றார். இன்சுலினைத் துளி அளவில் போடச் சொன்னார். மருந்து அதிகமாகித் தடுமாறித் துவண்டு விழுந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து தினம் காலை ஏழு மணிக்கு, லியோனார்ட் காப்பி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டீச்சர் ஜட்ஜின் பிடரித் தோலைத் தூக்கி ஊசி போடுவாள். மருந்துப் புட்டி ஈரமணல் போட்ட மண்சட்டியில் குளிர்ச்சியாக இருக்கும். ஆனாலும் இரண்டு மாசமாகச் சோதனையில் வந்ததெல்லாம் செங்கல்தான்.

பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் ஜட்ஜு எழுந்து நடக்கப் பார்த்துப் பின்னங்கால் மடங்கி விழுந்தது. சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்த லியோனார்டுக்குப் பொறுக்கவில்லை.

"போதும்க்கா. பூனைக்கு இன்சுலினாம்! கோர்ட்டே சிரிச்சுக்கினு கீது. வேப்பேரிக்கு எடுத்துக்கினு போ. ஒரே ஊசில அதுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

"வாய மூடு! நீ தூக்கிட்டு வந்ததுதானே இது? இப்ப நீயே அதுக்குச் சாவு கேக்குறியா?"

"கஷ்டப்படுதே, பாக்க முடியலன்னு சொன்னா..."

"பாக்க முடியலன்னா பாக்காதே. இதுக்கு ஒரு நாளாவது நீ ஊசி எடுத்திருக்கியா? சோறு வெச்சிருக்கியா? அது செத்தா உனக்குத்தான் நிம்மதி. போ!"

லியோனார்ட் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டான். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ என்று டீச்சருக்கும் உறுத்தியது. காலையில் சமாதானம் பேசிக்கொள்ளலாம் என்றால், விடிந்தால் பெரிய வெள்ளி. பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆண்டவர் உயிர்விடும் நேரம் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் செபத்துக்குத் தவிர வாய் திறக்கக்கூடாது. அப்பா காலத்துச் சட்டம். ஒரு வருஷம் அம்மா கையில் கொதிக்கிற கஞ்சியைக் கொட்டிக்கொண்டபோதுகூட 'ஆ' என்று சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் இந்த வயசு வரைக்கும் அதை மீறினதில்லை.

விடிவதற்கு முன்னாலேயே டீச்சர் எழுந்தாள். சிலுவைப் பாதைக்கு ஆறு மணிக்கெல்லாம் கோயிலில் இருக்க வேண்டும். லியோனார்ட் அறைக் கதவு சாத்தியிருந்தது. முந்தின நாள் மீனில் கொஞ்சம் பிசைந்து வைத்தாள், ஜட்ஜு இரண்டு வாய் தின்றது. அது போதும் என்று ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வருகையில் பத்து மணி தாண்டிவிட்டது. லியோனார்ட் முற்றத்தில் ஜட்ஜின் பக்கத்தில் குந்தியிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, ஏதோ சொல்ல வந்தவன் போல நின்று, பிறகு தலையை மட்டும் ஆட்டினான். கோபம் தீராத டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியத்து மூன்று மணி நேரத் தியானத்துக்கு இடம் பிடிக்க அவன் கோயிலுக்குப் போனான்.

அவன் போய் ஒரு மணி நேரம் இருக்கும், ஜட்ஜு ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டிக்கொண்டே சுவரில் போய் முட்டியது. சுவர் இருப்பதே தெரியாததுபோல மறுபடியும் முட்டியது. கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாக இருந்தன. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது.

சர்க்கரை ஏறிவிட்டது என்றுதான் டீச்சர் நினைத்தாள். இரண்டு மாசமாகச் செங்கல் நிறத்தையே பார்த்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? மண்சட்டியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்துவிட்டாள். ஆனால் டீச்சர் இல்லையா, சோதனை பார்க்காமல் கை ஓடவில்லை. தரையில் அது போயிருந்ததைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, நீல மருந்தில் விட்டு, விளக்கைப் பற்றவைத்தாள். குழாய் கொதித்தது. பச்சையாகவில்லை, மஞ்சளாகவில்லை.

நீலம்! இரண்டு மாசமாகச் செபமாலை உருட்டிக் கேட்ட நீலம்! ஒரு நிமிஷம் அவள் மனசு குளிர்ந்தே போனது. அடுத்த நிமிஷம் குழாயைக் கீழே வைத்துவிட்டு ஜட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். சர்க்கரை இல்லையென்றால் இது ஏன் சுவரில் முட்டுகிறது? டாக்டர் சொன்ன தடுமாற்றம் இதுவல்லவா? இன்றைக்குப் போட்டது வழக்கமான அளவுதானே!

ஊசி வைக்கிற எனாமல் டப்பாவைத் திறந்தாள். குழலையும் தண்டையும் ஊசியையும் தனித்தனியாகக் கழற்றி ஸ்பிரிட்டில் போட்டுவைப்பது அவள் வழக்கம், காலையிலும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு மூன்றும் மாட்டியபடியே கிடந்தன. வீட்டில் இருப்பது இரண்டே பேர். இன்னொருவன் நேற்று என்ன சொன்னான்? ஒரே ஊசியில் நிம்மதி என்றான்.

"பாவி!" என்று நெஞ்சுக்குள் கத்தினாள். வாய் திறக்கவில்லை. வாய் பேசக்கூடாத நாள் பார்த்துச் செய்திருக்கிறானே, சண்டாளன்! பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். இனிப்பு வேண்டும். சர்க்கரை டின்னைத் திறந்தாள், காலி. தவக்காலம் நாற்பது நாளும் வீட்டில் சர்க்கரை வேண்டாம் என்று ரேஷனில் வந்ததை அப்படியே அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பியது அவளேதான். வெல்லம் இல்லை, தேன் இல்லை, ஒரு பழம்கூட இல்லை. இவ்வளவு படித்த மனுஷி, வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள்! ஒறுத்தல் முயற்சி என்று வந்துவிட்டால் இவர்களுக்குக் கண் மண் தெரியாது.

முற்றத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஜட்ஜு ஒருக்களித்து விழுந்து நாலு காலையும் உதறிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் தங்கபுஷ்பம் இருந்தாள். புருஷனுக்கு மாம்பலத்தில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அந்த வீட்டில் கருப்பட்டி இல்லாத நாளே கிடையாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சாடை காட்டி, கதவு தட்டி, அவளுக்குப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும்.

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"தங்கபுஷ்பம்! கருப்பட்டி கொண்டா! ஓடி வா!"

தங்கபுஷ்பம் கருப்பட்டியும் கையுமாகத்தான் வந்தாள், ஆனால் முகம் வெளுத்திருந்தது. "என்ன டீச்சர், இன்னைக்குப் போய் நீங்க பேசுதியளே! யாருக்கு என்ன ஆச்சு?"

"ஜட்ஜுக்கு. கரைச்சுக் குடு, சீக்கிரம்! லியோ ரெண்டாவது ஊசி போட்டுட்டான். வேணும்னே போட்டிருக்கான்!"

"ஐயையோ! அண்ணாச்சியா? அப்படிச் செய்யமாட்டாங்க டீச்சர்."

"உனக்குத் தெரியாது. நேத்து அவன் வாயாலேயே சொன்னான்."

கருப்பட்டியை வெந்நீரில் கரைத்தார்கள். டீச்சர் ஜட்ஜை மடியில் போட்டு, விரலால் பாகைத் தொட்டு ஈறில் தேய்த்தாள். பல் அவள் விரலைப் பதம் பார்த்தது. ரத்தம் வந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. ஜட்ஜு தலையைத் தூக்கிப் பாகை இரண்டு முறை நக்கியது.

"பொழச்சிக்கிட்டு டீச்சர்!" என்று தங்கபுஷ்பம் கையைத் தட்டினாள்.

டீச்சருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். "வரட்டும் அவன். ஆண்டவர் சாகுற நாள்ல வாயில்லாத சீவனைக் கொல்லப் பார்த்தவன்! இனி அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன். அவன் தனியா வீடு பார்த்துக்கட்டும். சொல்லத்தான் போறேன், பாரு."

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் உதறல் வந்தது. இந்தத் தடவை பாகு உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. வேப்பேரிக்குப் போகலாமா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். இன்றைக்கு இந்தத் தெருவில் ஜட்கா ஏது? டீச்சர் தேய்த்தாள், ஊதினாள், "ஜட்ஜு, ஜட்ஜு" என்று காதோரம் கூப்பிட்டாள். வயசான சின்ன உடம்பு, எவ்வளவுதான் தாங்கும்? ஒரு நீளமான மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வரவில்லை.

டீச்சர் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தம்பியைக் கேட்கப்போகிற வார்த்தைகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். 'நிம்மதியா இப்போ? தீர்ப்பு எழுதிட்டியா? இந்தக் கையாலதானே தூக்கிட்டு வந்தே?' பெரிய வெள்ளியில் மணி அடிக்கமாட்டார்கள், கோயிலில் மரக்கட்டைதான் தட்டுவார்கள். மூன்று மணிக்குக் கட்டைச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே தெருவில் செருப்புச் சத்தம் அவசர அவசரமாக வந்தது.

லியோனார்ட் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். காலையிலிருந்து அடக்கிவைத்த பேச்சு.

"அக்கா, நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ. நீ சொன்னது நெசந்தான், ஒரு நாளுகூட நான் அத்தத் தொட்டதில்ல. காலையில ஏழு மணி ஆச்சு, நீ கோயிலுக்குப் போய்ட்ட, ஊசி போடல. என் மேல இருந்த கோவத்துல மறந்துட்டியோன்னு நெனச்சேன். அதான் நானே போட்டுட்டேன்க்கா! நீ போடற அதே அளவு. தெனம் பாத்துக்கினுதானே இருக்கேன்? வெறும் ஊசிய முதல்ல என் தொடையில குத்திப் பாத்தேன், அதுக்கு எப்பிடி வலிக்குமோன்னு. ஒண்ணும் வலிக்கல. இனிமே தெனமும் நானே..."

அவன் முற்றத்துக்கு வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவருகிற பிள்ளைமாதிரி இருந்தான், ஐம்பது வயசு மனுஷன். அப்புறம்தான் அக்காவின் மடியைப் பார்த்தான்.

"இன்னாக்கா? தூங்குதா?"

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தாள். அடுக்கிவைத்த வார்த்தைகளும் கோபமும் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் தம்பிதான் இருந்தான். தொடையில் ஊசியைக் குத்திப் பார்த்துக்கொண்டு தனியாக இந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்த தம்பி. ஐயோ, இவனையா கொலைகாரன் என்றேன்!

"போயிடுச்சுப்பா" என்றாள்.

லியோனார்ட் அப்படியே குந்திவிட்டான். ஜட்ஜின் நெற்றியைத் தடவினான். பிறகு அவன் கண் கருப்பட்டிப் பாகுக் கிண்ணத்தில் விழுந்தது. குமாஸ்தா கண் அது, எதையும் விடாது.

"இது இன்னாது? இனிப்பு எதுக்கு?" குரல் மாறியது. "அக்கா, என் ஊசியாலதான் ஏதாச்சும்...?"

டீச்சர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் டீச்சரைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"டீச்சர் ஒருசந்தி விரதத்த முடிக்கட்டும்னு நான்தான் கொண்டாந்தேன் அண்ணாச்சி. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலியே" என்றாள்.

லியோனார்ட் இன்னும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் எத்தனையோ பொய்சாட்சி பார்த்தவன். ஃப்ளோரன்ஸ் டீச்சர் கடிபட்ட விரலைப் புடவைக்குள் மடக்கிக்கொண்டாள். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நீ சரியாத்தான் போட்ட லியோ. நான்தான் காலையில மறந்தே போயிட்டேன். நீ போட்டதாலதான் இவ்வளவு நேரம் இருந்துச்சு."