மடியில் சூடு

அந்த லெப்டொப்பைத் தொட்டிருக்கவே கூடாது என்று ருஷ்தாவுக்குக் கடையிலேயே தெரியும். தெரிந்துதான் வாங்கினாள்.

தெல்தோட்டையில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள் ருஷ்தா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுடைய உலகமே வேறு. யாராரோ கழித்துப்போட்ட பழைய லெப்டொப்களைத் தேடி வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, டொக்டர் வேண்டாமென்று ஒதுக்கிய மெல்லிய ஊசிகளால் விசைகளுக்கடியில் இறுகிக் கிடக்கும் அழுக்கைச் சுரண்டி எடுப்பாள். பதினைந்து, இருபது வருடம் பழசான மெஷின் ஒன்று முனகிக்கொண்டே எழும்பித் திரையில் வெளிச்சம் காட்டும்போது அவளுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்த்து, "பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டியவ, எனக்கு வாய்ச்சீக்கா" என்று கணவன் நஸீப் சிரிப்பான்.

கண்டியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வெள்ளை நிற லெப்டொப் ஒன்று இருப்பதாக அவன்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னான். அவள் வெகுநாளாகத் தேடிய மொடல். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். ஓடுகிறது என்று காட்டுவதற்காகக் கடைக்காரர் அதைக் காலையிலிருந்தே சார்ஜில் போட்டு வைத்திருந்தார். கீறல் இல்லை, விரிசல் இல்லை. ஆனால் மேசையில் வைத்தபோது அது சமமாக உட்காராமல் லேசாக ஆடியது. புரட்டிப் பார்த்தாள். அடியில் இருந்த பெட்டரி வயிறு ஊதி நின்றது. கழற்றப் பார்த்தாள், இறுகிப் போயிருந்தது.

"அது பழசானா அப்படித்தான் தங்கச்சி. ஊட்டுக்குக் கொண்டு போய் மெதுவாக் கழட்டுங்கோ."

ஊதிய பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது, அழுத்தக்கூடாது, கூட்டத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. இதையெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். ஆனால் விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு இருக்காது. துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

பேராதனை தாண்டும்போதே பஸ் நிரம்பிவிட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வழியெல்லாம் நின்றார்கள். ருஷ்தா ஜன்னலோரத்தில், பை மடியில். பக்கத்தில் கலஹாவுக்குப் போகும் தோட்டத்துப் பெண்ணொருத்தி, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறையை மடங்காமல் நெஞ்சோடு பிடித்தபடி இருந்தாள். பேர் கமலம் என்று அவளாகவே சொன்னாள். ஹிந்தகலைக்கு மேலே ஏற்றம் தொடங்கியது. ஒரு வளைவில் பஸ் சாய, நின்றிருந்த ஒருவர் தடுமாறித் தன் முழுப் பாரத்தோடு ருஷ்தாவின் மடிமேல் கையை ஊன்றினார். பைக்குள் ஏதோ மெல்லச் சொடுக்கியது.

கொஞ்ச நேரத்தில் தொடையில் சூடு தட்டியது.

முதலில் வெயில் என்று நினைத்தாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் இல்லை. இனிப்பாக ஒரு வாடை மூக்கில் ஏறியது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போல. அந்த வாடை என்னவென்று அவளுக்குத் தெரியும். பெட்டரி உள்ளே கிழிந்துவிட்டது. இனி அது நெருப்பாகத்தான் முடியும்.

கத்தியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை.

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிந்திய மாதத்தில், முஸ்லிம் என்றாலே சந்தேகப்பட்ட நாட்களில், இதே பாதையில், இதே மாதிரி ஒரு பஸ்ஸில், அவள் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே பழைய சார்ஜர் ஒன்று, வயரெல்லாம் சுற்றி. விளக்கம் சொல்ல யாரும் விடவில்லை. நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள். அன்று பையில் ஒன்றுமே இல்லை. இன்று அபாயாவும் தலையை மூடிய முந்தானையுமாக உட்கார்ந்திருக்கும் அவளுடைய பையிலிருந்து புகை வந்தால்? பஸ்ஸுக்குள் யாராவது குண்டு என்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னால்? பிள்ளைகள் கதவுக்கு முண்டியடித்தால்? பக்கத்தில் பள்ளம். நெருப்பைவிட அந்தச் சொல்லுக்குத்தான் அவள் அதிகம் நடுங்கினாள்.

"என்னாம்மா, மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது?" என்றாள் கமலம்.

ருஷ்தா அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, சத்தம் போடாதீங்கோ. இந்தப் பேக்ல பழைய லெப்டொப் ஒண்ணு ஈக்கி. பெட்டரி பழுதாகிட்டு. பத்தப் போகுது. சொன்னா என்னைய வேற மாதிரி நினைப்பாங்க."

கமலம் பையைப் பார்த்தாள். ருஷ்தாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் அவளும் விலகிக்கொள்ளப் போகிறாள் என்றே ருஷ்தா நினைத்தாள். ஆனால் கமலம் எழுந்து நின்று முன்பக்கம் பார்த்து அடித்தொண்டையில் கத்தினாள்.

"மல்லி! பஸ் எக்க நவத்தன்ன! மேயாட்ட வமனே எனவா!"

தம்பி, பஸ்ஸை நிறுத்து, இவளுக்கு வாந்தி வருகிறது என்று சிங்களத்தில். வாந்தி என்ற சொல்லுக்கு மலைப்பாதை பஸ்ஸில் தனி மரியாதை உண்டு. கூட்டம் தானாக விலகியது. பிரேக் கிறீச்சிட்டது. ருஷ்தா பையைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே போனாள். ஒவ்வொரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் பையில் உரசும்போது அவளுக்கு உயிர் போய் வந்தது. கமலம் பின்னாலேயே இறங்கினாள்.

"இன்னும் அங்கிட்டு! இன்னும் அங்கிட்டு போங்க!"

தேயிலைக்குக் கீழே மழைத் தண்ணீர் வடியும் கருங்கல் காண் ஒன்று ஓடியது. கைப்பிடி வழியாகவே சூடு ஏறியது. ருஷ்தா பையைக் காணுக்குள் வீசிவிட்டுத் திரும்பி ஓடினாள். சீறல் ஒன்று கேட்டது. பிறகு 'டப்' என்ற வெடிப்பு, வெள்ளைப் புகை, அதைக் கிழித்துக்கொண்டு ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு.

பஸ்ஸுக்குள் அலறல். இளந்தாரிகள் சிலர் குதித்து இறங்கினார்கள். யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியே விட்டார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினான். ருஷ்தா இரண்டு கையையும் தன்னையறியாமல் உயர்த்தினாள். சிங்களம் சரளமாகப் பேசுபவள்தான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

கமலம் எக்ஸ்ரே உறையோடு அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். "பெட்டரிய! லெப்டொப் பெட்டரிய!" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கத்தினாள். ஒருவன் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதற்குள் டிரைவர் இறங்கிக் காணோரம் போய் எட்டிப் பார்த்தார். துணி எரிந்து தீர்ந்திருந்தது. உருகி வழியும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் விசைகள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் பார்த்ததுபோல் ருஷ்தாவுக்குப் பட்டது. கடைசியில் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கொம்பியூட்டர்தான், எல்லாரும் ஏறுங்கள், என்று சிங்களத்தில் அதட்டினார். அவளைப் பார்த்து மட்டும் குரலைத் தாழ்த்தி, பிள்ளைகள் இருக்கிற பஸ்ஸில் இதைக் கொண்டு வரலாமா, என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

ஏறினாள். அவளைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. கமலம் மட்டும் தன் சீட்டிலேயே வந்து உட்கார்ந்தாள். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து நீவி நேராக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல தங்கச்சி. ஒங்க கண்ணப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள். கலஹாவில் இறங்கிப் போனாள். போன் நம்பர்கூட வாங்கவில்லையே என்று பஸ் நகர்ந்த பிறகுதான் ருஷ்தாவுக்கு உறைத்தது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிவதற்குள் ஃபேஸ்புக்கில் வீடியோ வந்துவிட்டது. நஸீப்தான் கண்டான். புகை, நெருப்பு, கறுப்புத் துணியின் ஓரம், கைகள். முகம் இல்லை. ருஷ்தா போனைப் பறித்து, கொமெண்ட்களைக் கீழே கீழே தள்ளி, அந்தச் சொல்லைத் தேடினாள். இருந்தது. அதன் கீழே யாரோ சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்: நான் அந்த பஸ்ஸில் இருந்தேன். அது லெப்டொப். அந்தப் பெண் அதை எங்களிடமிருந்து தூரக் கொண்டுபோனாள்.

"பாத்தீங்களா, இனிப் பயமில்ல" என்றான் நஸீப்.

அவள் தலையாட்டினாள். வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தது. இருவரும் பேச்சை நிறுத்தி, அது கடந்து போகும்வரை காத்திருந்தார்கள்.