கட்டைவிரல் வரை

மின்சார மீட்டர் கணக்கெடுத்து நான் நடந்த நடையை நீட்டிப் போட்டால், பூமியை ஏழு சுற்று சுற்றி நிலாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அப்படிப்பட்டவனிடம் டாக்டர் கேட்டார்: "எவ்வளவு தூரம் நடந்தா கால் வலிக்குது?"

"ரெண்டு மைல் அலட்டிக்காம போவேன் டாக்டர்."

"அப்போ மாத்திரையும் நடைப்பயிற்சியும் போதும்" என்று எழுதத் தொடங்கினார்.

என் மனைவி குனிந்து என் இடது காலுறையை உருவினாள். கட்டைவிரல் நுனியில் மிளகளவு கறுத்த புண்.

"ரெண்டு மாசமா ஆறல. கட்டில்லேர்ந்து குளியலறைக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை நின்னுடறார். கேட்டா, சுவத்துல மாட்டின படத்தை ரசிக்கிறாராம். அது போன வருஷத்து காலண்டர் டாக்டர்!"

டாக்டர் பாதத்தில் விரல் வைத்து நாடியைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"இங்க ரத்தம் வந்து சேரலன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அப்புறம் பாதம். இப்போ சொல்லுங்க, எத்தனை அடி?"

"இருபத்திரண்டு."

மீட்டரைத் தவிர வேறெதிலும் நான் சரியான எண்ணைச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஸ்கேனில் இடது தொடையின் ரத்தக் குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்கிற குட்டி வலைக்குழாயைப் பொருத்துவார்களாம். வலது தொடை இடுக்கில் ஒரு துளை மட்டும்; அது வழியாகவே இடது காலுக்குப் போய்விடுவார்களாம். முழு மயக்கமும் கிடையாது.

ஆனால் கொடுத்த மருந்தில் மேசை என்னைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. திரையில் என் இடது கால், நான் நடக்காத ஒரே ஊராக விரிந்தது. பெரிய சாலை பாதியில் இருட்டாகிக் கிடந்தது. நான் அட்டையும் பேனாவுமாகச் சந்து சந்தாகக் கதவு தட்டிக்கொண்டு போனேன். ஒரு மீட்டரும் ஓடவில்லை. தொடைக்குள் எதுவோ உப்பிச் சோம்பல் முறித்தது. வெதுவெதுப்பாக வெள்ளம் ஒன்று என்னைத் தாண்டி ஓடியது. முழங்காலில் விளக்கு, கெண்டைக்காலில் நூறு விளக்கு, கணுக்காலில் ஊரே பகல்! கடைசி வீடு மட்டும் இன்னும் இருட்டு. நான் ஓட்டமெடுத்தேன்.

"ஐயா, காலை ஆட்டாதீங்க!"

"ஆட்டல டாக்டர், நடந்துகிட்டிருக்கேன்."

வார்டில் காலை மடக்காமல் படுத்திருந்தேன். நர்ஸ் பாதத்தில் களிம்பு தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் ஒரு சின்னக் கருவியின் முனையை வைத்தாள். கரகரவென்று இரைச்சல்தான் கேட்டது. மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"தாத்தா, கொஞ்சம் பேசாம இருங்க."

"தாத்தாவா? யாரும்மா அது?"

நர்ஸ் முனையை நெல்லளவு நகர்த்தினாள். ஷுப்... ஷுப்... ஷுப்...

"இது இவரோடதா?" என்றாள் மனைவி.

"வேற யாரோடது? ரத்தம் வந்தாச்சும்மா. புண்ணு மெதுவா ஆறும். விரலை எடுக்க வேண்டியிருக்காது."

மனைவி உள்ளங்கையைப் பாதத்தில் வைத்துப் பார்த்தாள். "சூடு வந்திருக்குங்க."

"கொதிக்குதுன்னு சொல்லு!"

சுண்டுவிரலை நறுக்கென்று கிள்ளினாள். "வலிக்குதா?"

"உயிரே போகுதுடி!"

"நல்லா வலிக்கட்டும்" என்றாள். பாதத்தை மட்டும் விடவேயில்லை.